நட்புக்கு எல்லையில்லை, படப் பெட்டிக்கு உண்டு

உடன் படித்தவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றுகூடுவது நம்மவரிடையே நல்ல வழக்கமாகி வருகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் படித்தவர்கள் இங்கேயே கூடுகிறார்கள். ஊரில் படித்து முடித்து ரயிலேறி வந்தவர்கள் அதற்கென்றே ஊருக்குப் போய் வருகிறார்கள். கூடிக் கலைந்ததும் படங்களை எல்லோரும் காண ஓர் இணையதளத்தில் ஏற்றுகிறோம். சில நாட்களில் "இடம் நிரம்பிவிட்டது" என்ற அறிவிப்பு வருகிறது. அப்போது செய்ய வேண்டியதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் கணக்கு

இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் சுமார் 4 எம்.பி. இடம் பிடிக்கும். எடுத்துக்காட்டாக 60 பேர் கூடி, ஆளுக்கு 50 படம் அனுப்பினால் 3,000 படங்கள், அதாவது 12,000 எம்.பி. அல்லது 12 ஜி.பி. கூகுள் ஒரு கணக்குக்கு இலவசமாகத் தருவது 15 ஜி.பி.; அதுவும் மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து. பொறுப்பேற்ற நண்பர் தம் சொந்தக் கணக்கில் எல்லாவற்றையும் ஏற்றினால், இடம் தீர்ந்தபின் அவருக்கு மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும். வீடியோ ஒரு நிமிடத்துக்கே 60 எம்.பி.க்கு மேல் போகலாம் என்பதால் அதைத் தனியே வைப்பது நலம்.

2. இலவசம் நிலையானதன்று

பழைய மாணவர் குழுக்கள் பல யாஹூ குரூப்ஸில் இயங்கின. அங்கிருந்த படங்களும் கோப்புகளும் 2020 தொடக்கத்தில் நீக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 15இல் அச்சேவையே மூடப்பட்டது. பிளிக்கர் நிறுவனம் இலவசக் கணக்குக்கு 1,000 படங்களே எல்லை என்று 2018 நவம்பரில் அறிவித்தது. மிகுந்தவற்றில் முதலில் ஏற்றிய படங்களே முதலில் நீக்கப்படும் என்றும் சொன்னது. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாகத் தந்த இடம் 2021 ஜூன் 1 முதல் நின்றது. ஆகவே இணையதளத்தைப் படங்களைக் காட்டும் இடமாக மட்டும் கொள்க. காக்கும் இடம் வேறாக இருக்கட்டும்.

3. மூலமும் நகலும்

முன்பு ரயில்வே வரைபட அலுவலகத்தில் மூல டிரேசிங் பெட்டியை விட்டு வெளியே போகாமல் இருந்தது. வேலையிடத்துக்கு அம்மோனியா பிரிண்ட்தான் போனது. பிரிண்ட் கிழிந்தால் இன்னொன்று எடுக்க முடிந்தது, டிரேசிங் போனால் போனதுதான். படங்களுக்கும் இதே விதியைக் கைக்கொள்ளலாம். மூலப் படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பதிந்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஒன்று ஐரோலியிலும் மற்றொன்று ஊரிலும் இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். மூலத்தை அனுப்ப 'டாக்குமெண்ட்' என்ற வழியைப் பயன்படுத்துக.

4. சுருக்கும் முறை

ஒரே வரிசையில் நின்று எடுத்த பத்துப் படங்களில் நன்றாக உள்ள ஒன்று போதும். 3,000 படங்களில் 300ஐத் தேர்ந்து, நீளப் பக்கம் சுமார் 2,000 புள்ளிகள் வருமாறு சுருக்கினால், ஒவ்வொன்றும் சுமார் 0.6 எம்.பி. ஆகலாம். மொத்தம் 180 எம்.பி.தான். இவ்வளவு புள்ளிகளில் 4க்கு 6 அங்குலப் பிரதியும் தெளிவாக அச்சிடலாம். அதற்கு 1,200க்கு 1,800 புள்ளிகள் போதும்.

கணிப்பொறியில் உள்ள 'பெயிண்ட்' மென்பொருளிலேயே 'ரீசைஸ்' வசதி உண்டு. சுருக்கியதை வேறு பெயரில் சேமியுங்கள். மூலத்தின்மீதே சேமித்தால் போன நுணுக்கம் திரும்பாது. 'ஜேபெக்' முறை படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனியாத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணித முறையை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், ராவ் என்ற மூவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

5. பெயர் எழுதுக

பழைய வகுப்புப் படத்தை ஸ்கேன் செய்யும்போது 600 புள்ளி அளவில் செய்க. பின்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்க. வரிசைவாரியாக, இடமிருந்து வலமாகப் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். இடத்தை எப்போது வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். மூன்றாம் வரிசையில் கண்ணாடி அணிந்து நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார். அவரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

6. சாவி இருவரிடம்

தளத்தின் பொறுப்பு ஒருவரிடமே இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பது 2023 முதல் கூகுளின் விதி. நண்பர் மறைந்தால் அவர் காத்த படங்களும் அவரோடு போய்விடலாம். ஆகவே இன்னொருவரையும் பொறுப்பாளராகச் சேர்த்து, விவரத்தை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

பயிற்சி: உங்கள் வகுப்புப் படம் ஒன்றை இந்த ஞாயிறு எடுத்து, தெரிந்த பெயர்களை எழுதுங்கள். தெரியாத முகங்களுக்கு நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். சுருக்கும் வேலையை அவர்கள் நொடியில் முடிப்பார்கள், பெயர்களை நீங்கள் சொல்லுங்கள்.