மூக்கறுபோர்: மதுரை மீதான மைசூர்ப் படையெடுப்பும் குடிகளின் எதிர்வினையும்

ஆய்வுச்சுருக்கம்

திருமலை நாயக்கர் ஆட்சியின் (1623–1659) இறுதியாண்டுகளில் மைசூர்ப் படை எதிர்பாராத வகையில் எல்லை கடந்து மதுரை வரை முன்னேறியது. அப்படையெடுப்பைக் குடிகள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சமகால மடல், சேதுபதிகளின் விருதுப்பெயர்கள், போரின் வழக்குப்பெயர் ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

மூக்கறுபோர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நாயக்கர், சேதுபதி, மைசூர் மன்னர் ஆகியோரின் உறவுகளை மையமாகக் கொண்டவை. போரின் சுமையைத் தாங்கிய குடிகள் அவற்றில் பின்னணியாகவே நிற்கின்றனர். அரசவை சார்ந்த சான்றுகளின் இயல்பே இதற்குக் காரணமாகும். அவற்றோடு பிறவகைச் சான்றுகளை ஒப்பிட்டால் குடிகளின் எதிர்வினையை ஓரளவு மீட்டெடுக்க இயலும்.

படையெடுப்பின் பின்னணி

விசயநகர மன்னர் மூன்றாம் சீரங்கருக்கு எதிராகத் திருமலை நாயக்கர் பீசப்பூர்ச் சுல்தானுடன் கைகோத்தார். மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசர் இதற்குப் பழிதீர்க்க எண்ணினார். 1650களின் பிற்பகுதியில் அவருடைய படை சத்தியமங்கலம் பகுதிக்குள் புகுந்து, தெற்கு நோக்கி விரைந்து மதுரையை நெருங்கியது. அக்காலத்தில் நாயக்கர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். எதிர்பட்டவர்களின் மூக்கை அறுப்பது இப்படையின் போர்முறையாயிற்று.

தமிழ் மரபில் மூக்கறுபடுதல் உடற்காயம் மட்டுமன்று. கம்பராமாயணத்தின் சூர்ப்பணகை நிகழ்ச்சி முதல் இன்றைய பேச்சுவழக்கு வரை அது மானக்கேட்டின் குறியீடாகவே நிலவுகிறது. கொல்லப்பட்டவரின் துயரம் இடுகாட்டோடு ஒடுங்கலாம்; மூக்கறுபட்டவரோ தம் முகத்திலேயே படையெடுப்பின் செய்தியைச் சுமந்து ஊர்தோறும் வாழ வேண்டியவராகிறார். எனவே இப்போர்முறை குடிகளின் மனத்தையே இலக்காகக் கொண்டது எனக் கருதலாம்.

மடல் காட்டும் எதிர்வினை

மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி அந்தாம் தெ புரோயன்சா 1659இல் தம் சபைத் தலைவருக்கு எழுதிய மடல் இப்போருக்கான முதன்மையான சமகாலச் சான்றாகும். அவர் இறந்தபின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் ஆசிரியரும் இவரே. மக்களின் சொல்வழக்கைக் கூர்ந்து கேட்டவர் என்பதால் அவர் தரும் வழக்குச்செய்திகள் தனி மதிப்புடையன.

நாயக்கரின் அழைப்பை ஏற்றுச் சேதுபதி 25,000 மறவர்களுடன் விரைந்து வந்தார் என்றும், மதுரையில் மேலும் 35,000 பேர் திரட்டப்பட்டனர் என்றும் மடல் கூறுகிறது. மதுரைப் படைத்தலைவர் பகைவரிடம் கையூட்டுப் பெற்று நாள்தோறும் போரைத் தள்ளிப்போட்டார் என்றும், ஐயுற்ற சேதுபதி அவரைச் சிறையிட்டுத் தாக்குதலைத் தொடங்கினார் என்றும் அது தொடர்கிறது. இறுதிப் போரில் இருதரப்பிலும் ஏறத்தாழ 12,000 பேர் வீதம் மாண்டனர் என்பது மடலின் கணக்கு. இவ்வெண்கள் மிகைப்பட்டவையாக இருக்கலாம். எனினும் குறுகிய காலத்தில் பெருந்திரள் கூடியது என்னும் செய்தியை ஐயுற இடமில்லை.

இத்திரட்சியின் தன்மை கருதத்தக்கது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் இதே மதுரைப் படை இராமப்பையன் தலைமையில் சேதுநாட்டின் மீது படையெடுத்தது. இராமப்பையன் அம்மானை அப்போரையே பாடுகிறது. அம்மானையில் மதுரையின் பகைவராக நின்ற மறவர், மூக்கறுபோரில் மதுரையின் காவலராயினர். ஆகவே அவர்களின் வருகையை நாயக்கர்மீது கொண்ட நிலையான பற்றின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. தம் தலைவரின் ஆணை, தம் நாட்டிற்கும் பரவக்கூடிய ஆபத்து, மானக்கேட்டின்மீது எழுந்த சினம் ஆகியவை ஒருங்கே செயற்பட்டிருத்தல் வேண்டும்.

விருதுப்பெயர்களும் கொடைகளும்

வெற்றிக்குப்பின் இரகுநாத சேதுபதி ‘திருமலை சேதுபதி’ எனச் சிறப்பிக்கப்பட்டார். ‘இராணி சொல் காத்தான்’, ‘தாலிக்கு வேலி’ ஆகிய விருதுகளும் அவருக்குரியனவாக வழங்குகின்றன. திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்கள் அளிக்கப்பட்டதையும், இராமநாதபுரத்தில் நவராத்திரி விழா சிறப்புற்றதையும் மரபு நினைவுகூர்கிறது. அரசியின் சொல்லும் தாலியும் காக்கப்பட்டதை விருதுகள் போற்றுகின்றன. சத்தியமங்கலம் முதல் மதுரை வரை மூக்கிழந்த ஆண், பெண்களுக்கு அவற்றில் இடமில்லை.

போரின் பெயர்

அந்த இடைவெளியை நிரப்புவது போரின் பெயரே. இது ‘மூக்கு வேட்டை’ என்னும் பொருள்பட வழங்கப்பட்டது எனப் புரோயன்சாவின் மடலே குறிக்கிறது. ஆகவே இப்பெயர் பிற்கால வரலாற்றாசிரியர் படைத்ததன்று. போர் நடந்த காலத்து வழக்கிலேயே வேர்கொண்டது. தமிழ்ப் போர்ப்பெயர்கள் பெரும்பாலும் களத்தின் பெயராலோ திணைப்பெயராலோ அமைவன. இப்பெயரிலோ களமும் இல்லை, வென்றவரும் இல்லை. காயம் மட்டுமே உள்ளது.

இப்பெயர் ஒருதரப்பின் கொடுமையை மட்டும் சுட்டவில்லை. வெற்றிபெற்ற மதுரைப் படை மைசூர் நாட்டிற்குள் புகுந்து அங்குள்ளோரின் மூக்குகளை அறுத்தது. போரிடுவதைக் காட்டிலும் பழிதீர்ப்பதே அதன் நோக்கமாக இருந்தது என மடல் உணர்த்துகிறது. மைசூர் மன்னரின் மூக்கே அறுக்கப்பட்டது என்னும் மரபுச்செய்தி, நிகழ்ச்சி என்பதைவிடப் பழியுணர்வின் நிறைவேற்றமாகவே கொள்ளத்தக்கது. அச்சம் சினமாகி, சினம் எல்லைக்கு அப்பாலிருந்த குடிகள்மீதே இறங்கியது. படையெடுப்பை ஏவிய மன்னரைக் காட்டிலும் அங்கிருந்த உழவரும் பெண்டிருமே அதன் விலையைச் செலுத்தியிருப்பர்.

முடிவுரை

மூக்கறுபோரில் குடிகளின் எதிர்வினை ஒற்றைத்தன்மை உடையதன்று. எல்லைப்புறத்தில் அது மானக்கேடாகவும், வைகைச் சமவெளியில் திரட்சியாகவும், மைசூர் மண்ணில் பழிதீர்ப்பாகவும் வடிவெடுத்தது. மடல் அம்மூன்றையும் தொட்டுச் செல்கிறது. விருதுகள் இரண்டாவதை மட்டும் போற்றுகின்றன. இருதரப்புக் கொடுமையையும் ஒருசேரப் பதிந்த சான்றாக எஞ்சுவது மக்கள்வழக்கில் நிலைத்த போர்ப்பெயர். நாயக்கர்கால வரலாற்றாய்வில் பட்டயங்களுக்கும் விருதுகளுக்கும் தரப்படும் இடம் வழக்குச்சொற்களுக்கும் தரப்படுதல் வேண்டும் என்பதை இவ்வாய்வு வலியுறுத்துகிறது.