பயோடெக் முடிக்கும் தம்பிக்கு

உயிரித் தொழில்நுட்பத்தில் பட்டம் முடிப்பவருக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா, நிறுவன வேலை ஒத்துவருமா என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது. ஆய்வகத்தில் சில மாதம் வேலை செய்தால் தெரிந்துவிடும்.

பிசிஆர் முடித்து, அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, புறஊதா ஒளியில் வைத்துப் பார்த்தால் சில சமயம் லேடர் மட்டும் பளிச்சென்று நிற்கும்; சாம்பிள் போட்ட வரிசையில் ஒரு பேண்டும் இருக்காது. டெம்ப்ளேட் சிதைந்திருக்கலாம், பிரைமர் பொருந்தாமல் இருக்கலாம், அனீலிங் வெப்பநிலை கூடியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் தேதியோடு குறித்து, மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்றே தெரியாமல் போகும். இது வாரக்கணக்கில் நீண்டாலும் சலிக்காதவர் பிஎச்டிக்குப் போகலாம். சலிப்பது குறையே அல்ல. மருந்து, தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தியிலும் தரக் கட்டுப்பாட்டிலும் இதே படிப்புக்கு மரியாதையான வேலை உண்டு.

ஆய்வக அனுபவத்துக்கு, நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் நல்ல வாசல். இரண்டு மாத வேலை, உதவித்தொகையும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு பதினைந்தே நாளில் 'புராஜெக்ட்' முடித்துத் தரும் மையங்களை அண்டவே கூடாது. பைண்டிங் போட்ட அறிக்கை கிடைக்கும். நேர்முகத் தேர்வில் அந்தச் சோதனைக்கு கன்ட்ரோல் என்ன வைத்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

தேர்வுகளில், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் (டிபிடி) ஆதரவு பெற்ற முதுநிலைப் படிப்புகளுக்கு கேட்-பி, ஐஐடி எம்.எஸ்சிக்கு ஜாம். பிஎச்டிக்கு சிஎஸ்ஐஆர் நெட்டும் டிபிடியின் பெட் தேர்வும் முக்கியம். 2023 முதல் ஜூனியர் ஆராய்ச்சி ஃபெலோஷிப் (ஜேஆர்எஃப்) தொகை மாதம் 37,000 ரூபாய். சீனியர் நிலையில் 42,000. சொந்த ஃபெலோஷிப்போடு வருபவருக்கு ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிறுவனத்தின் பெயரைப் பார்க்கிறார்கள், வழிகாட்டியைப் பார்ப்பதில்லை. ஐந்தாறு வருடம் கழியப்போவது அந்த ஒருவரிடம். சேருமுன் அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது முழுதாகப் படிக்க வேண்டும். மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு, அவர் இல்லாத நேரத்தில், அங்கே படிப்பவர்களிடம் டீக்கடையில் உட்கார்ந்து பேச வேண்டும். கடைசியாகப் பட்டம் வாங்கியவர் எத்தனை வருடம் எடுத்தார், இப்போது எங்கே இருக்கிறார், எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், வேறு ஆய்வகம் தேடுவது நல்லது.