ஸ்பானிய 'கே'யும் தமிழ்ப் பெயரெச்சமும்

கேள்வி: கொல்லிமலை ஆகாயகங்கையை 'நாங்கள் குளித்த அருவி' என்று தமிழில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இதையே ஸ்பானிய மொழியில் சொல்ல, 'அருவி' என்ற சொல்லை அடுத்து 'என் லா கே' என்னும் மூன்று சிறுசொற்கள் வந்தாக வேண்டுமாம். அவை எப்படித் தோன்றின? தமிழுக்கு அவை ஏன் வேண்டியதில்லை?

பதில்: அம்மூன்றில் முதலாவதான 'என்', தமிழின் 'இல்' உருபுக்கு நிகரான முன்னிடைச்சொல், அதாவது பெயரின் ஈற்றில் ஒட்டாமல், அதற்கு முன்னே தனித்து நின்று வேற்றுமைப் பொருள் தருவது. 'லா', அருவியைக் குறிக்கும் ஸ்பானியப் பெயர் பெண்பாலாதலின் அதற்கு இசைந்து வருவது. 'கே', முன் வந்த பெயரைப் பின்வரும் தொடரோடு பிணைக்கும் இணைப்புப் பெயர். ஸ்பானியத்தின் தாய்மொழியாகிய இலத்தீனில் இணைப்புப் பெயரே வேற்றுமைக்கேற்பத் திரிந்து, எழுவாயாயின் 'க்வீ' எனவும், செயப்படுபொருளாயின் 'க்வெம்' எனவும், கொடைப்பொருளாயின் 'குய்' எனவும் நின்றது. மக்கள் பேசிய இலத்தீனில் வேற்றுமை ஈறுகள் தேய்ந்து மறைந்தபோது திரிபற்ற 'கே' எஞ்சியது. ஈறுகள் ஆற்றிய பணி முன்னிடைச்சொற்களைச் சேர்ந்தது. பழைய திரிபுகளின் எச்சமாக, உடைமை காட்டும் 'கூயோ'வும் மனிதரைச் சுட்டும் 'கியென்'னும் இன்றும் வழங்குகின்றன. 'எங்கே' என்னும் பொருளுடைய 'தோந்தே'யின் வரலாறு இன்னும் சுவையானது: 'எங்கிருந்து' எனப் பொருள்பட்ட இலத்தீன் 'உந்தே'யின் முன், 'இருந்து' என்னும் பொருளுடைய 'தே' சேர்ந்து அது பிறந்தது, பின்னர் அப்பொருள் மங்கிவிட்டதால், இன்று 'எங்கிருந்து' எனச் சொல்ல மீண்டும் ஒரு 'தே' சேர்த்து 'தே தோந்தே' என்கின்றனர்.

தமிழின் வழி வேறு. வினையிலிருந்து பிறந்து, ஒரு பெயரைக் கொண்டு முடியும் எச்சமாகிய பெயரெச்சமே இங்கு இணைப்பு வேலை முழுவதையும் செய்கிறது. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறு பொருளுக்கும் அது ஒரே தன்மையில் உரியது எனத் தொல்காப்பிய வினையியல் வகுத்துரைக்கிறது. கொல்லிமலைப் பெண்கள் நெடுங்காலம் கையாலேயே குத்திவந்த சாமையைக் கொண்டே இதைக் காணலாம். சாமை குத்திய பெண், சாமை குத்திய உலக்கை, சாமை குத்திய உரல், சாமை குத்திய நாள், அவள் குத்திய சாமை, அவள் குத்திய குத்து என ஆறிடத்தும் 'குத்திய' என்பது சிறிதும் மாறவில்லை. உலக்கை கருவி என்பதும் உரல் இடம் என்பதும் கேட்பவர் அறிந்தவை. ஸ்பானியமோ உலக்கைக்குக் 'கோன்' என்றும் உரலுக்கு 'என்' என்றும் வெவ்வேறு முன்னிடைச்சொல் சேர்த்தே பேச வேண்டும்.

இச்சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. உரையாசிரியர்கள் காட்டும் 'புலிகொல் யானை' என்னும் தொடரில் கொன்றது எது, இறந்தது எது என்பது தொடரால் விளங்காது. 'புலியைக் கொன்ற யானை' என உருபை விரித்தால்தான் தெளியும். உடனிகழ்ச்சிப் பொருளிலும் பெயரெச்சம் தடுமாறும். 'அவள் அருவிக்குப் போன தோழி' என்பது தமிழாகாது. 'அவளோடு அருவிக்குப் போன தோழி' எனத் தோழியையே வினைமுதலாக்கிச் சொல்வதே தமிழின் இயல்பு.

'எந்த உரலில் குத்தினாளோ அந்த உரல்' என வினாவையும் சுட்டையும் இணைத்துச் சொல்லும் முறையும் தமிழில் உண்டு. வினாவும் சுட்டும் இவ்வாறு இணைந்து வருவது புறநானூற்றின் 187ஆம் பாட்டில் ஔவையாரிடமே காணப்படுவதால், அதை அயல்மொழிப் பழக்கம் என்று தள்ளிவிட இயலாது. ஆயினும், பெயரெச்சம் தெளிவாகப் பொருள் தரும் இடத்தில், பிறமொழி மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றி, 'எந்த அருவியில் நாங்கள் குளித்தோமோ அந்த அருவி' என்று மொழிபெயர்ப்பாளர் எழுதுவது வேண்டாத சுமையே. அங்கே 'நாங்கள் குளித்த அருவி' என்பதே போதும்.