உராய்வைக் கற்றுத்தந்த கிளட்ச்

எட்டாம் வகுப்பில் உராய்வின் தீமையைக் கேட்டால் "தேய்மானம் சார்" என்று உடனே பதில் வரும். நன்மையைக் கேட்டால் "நடக்கிறோம்" என்பதோடு நின்றுவிடும். லாரிக் கூடு கட்டும் நாமக்கல்லில் இப்படியா என்று எனக்கு உறுத்தும்.

என் பழைய அம்பாசிடர் ஒருநாள் மேட்டில் உறுமியதே தவிர ஏறவில்லை. 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. பட்டறையில் கிளட்ச் தட்டைக் கழற்றினால், லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்திருந்தது. மெக்கானிக் பழைய ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, அதே தட்டில் புது லைனிங்கைப் பொருத்தினார். "கிரீஸ் கையோட தொடாதீங்க சார், வழுக்கும்" என்றார். அதுவே என் பாடமானது.

செயல்பாடு: இரண்டு டப்பா மூடிகளின் மேல் சைக்கிள் டியூப் வட்டங்களை ஒட்டுங்கள். எதிரெதிராக வைத்து ஒரு மாணவர் சுழற்ற, மற்றவர் தன் மூடியை லேசாகப் பிடிக்கட்டும். மெல்ல அழுத்தினால் வழுக்கும். இறுக்கி அழுத்தினால் இரண்டும் சேர்ந்து சுழலும். எண்ணெய் தடவினால் மீண்டும் வழுக்கும்.

"அரை கிளட்ச்சுல மேட்டுல நின்னா ஏன் சார் கருகுற வாடை வருது?" என்றான் அதுவரை வாய்திறக்காத, பட்டறைக்காரர் மகன். "வழுக்கும்போது உராய்வு வெப்பமாகிறது" என்றேன். மீதியை அவனே கரும்பலகையில் வரைந்து விளக்கினான்.

எச்சரிக்கை: பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். தேய்ந்த தட்டை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் தூசியை ஊதவும் கூடாது.