குறட்டையும் மயக்க மருந்தும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"குடுத்து வைச்ச மனுசன். படுத்த உடனை நித்திரை. குறட்டை தெருமுனை மட்டும் கேக்கும்." வட்டுக்கோட்டையிலும் சங்கரத்தையிலும் அராலியிலும் இப்படிப் பெருமைப்படும் வீடுகளுக்குக் குறைவில்லை. அந்த மனுசனுக்கே பித்தப்பைக் கல்லோ ஹேர்னியாவோ வந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால், குறட்டை பெருமைக்குரிய விஷயமாக இருக்காது. மயக்க மருந்து வைத்தியர் கட்டாயம் அறிய வேண்டிய தகவலாகிவிடும். பெரும்பாலும் அவருக்கு யாரும் அதைச் சொல்வதில்லை.

நம்பிக்கை: குறட்டை நல்ல நித்திரையின் அடையாளம்.

தொண்டையின் பின்பக்கத்தைத் தாங்க எலும்பு கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர, வழி ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியால் காற்றுப் போகும் அதிர்வுதான் குறட்டை. குறட்டை விடும் எல்லோரும் நோயாளிகள் அல்லர். சிலருக்கு மட்டும் அந்த வழி முழுதாகவே அடைபட்டுவிடும். குறட்டை திடீரென நின்று, வீடு அமைதியாகும். பத்து விநாடி, இருபது விநாடி, சிலவேளை ஒரு நிமிடம்கூட மூச்சு உள்ளே போகாது. இரத்தத்தில் ஒக்சிசன் இறங்க, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய இழுப்புடன் மூச்சுத் திரும்பும், குறட்டை மறுபடி தொடங்கும். இதுதான் நித்திரை மூச்சுத்தடை. மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு இப்படி நின்றாலோ குறைந்தாலோ நோய்க் கணக்கில் வரும். 30ஐத் தாண்டினால் கடுமையானது. காலையில் ஆளுக்கு எதுவும் நினைவிருக்காது. தலையிடி இருக்கும். கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை சாயும். அதற்கும் நாம் சோம்பேறி என்றுதான் பெயர் வைப்போம்.

மூளை ஆளை எழுப்புகிறது என்றேனே, அந்த எழுப்பலை மறந்துவிடாதீர்கள். இரவிரவாக அந்த மனிதரின் உயிரைக் காப்பது அது ஒன்றுதான்.

நம்பிக்கை: மயக்க மருந்து என்றால் ஒரு நீண்ட நித்திரை.

ஈதர் கொடுத்து நோவில்லாமல் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று பொஸ்டன் நகரில் பலரறியக் காட்டப்பட்டது 1846 ஒக்டோபர் 16இல். பொஸ்டன் இருக்கும் மசாசுசெற்ஸ் மாநிலத்தவரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷனுக்கு வந்து சேர்ந்தார். பிறகு மானிப்பாய்க்குப் போய்த் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' என்ற நூலை 1867இல் தமிழில் வெளியிட்டார். இந்த வைத்தியம் எமக்கு நேற்று வந்ததல்ல. இருந்தும் "ஊசி போட்டு நித்திரையாக்கிப்போட்டு வெட்டுவினம்" என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

நித்திரையில் இருப்பவரைக் கிள்ளினால் எழும்புவார். மயக்கத்தில் இருப்பவர் கத்தி பட்டாலும் எழும்பமாட்டார். எமெரி பிறவுண் என்ற மயக்க மருந்து நிபுணரும் இரு ஆய்வாளர்களும் 2010இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, முழு மயக்கம் என்பது மருந்தால் வரவழைத்து மீட்டெடுக்கும் ஒரு கோமா. மூச்சு நின்றால் எழுப்பிவிடும் அந்தக் காவல் அங்கே வேலை செய்யாது. வெட்டும் நேரத்தில் இதனால் பெரிய பயம் இல்லை. தொண்டையில் குழாய் இருக்கும், வைத்தியர் தலைமாட்டிலேயே நிற்பார். குழாய் வைப்பதற்கு முந்திய சில நிமிடங்களும், அதை எடுத்த பின் வரும் மணிகளும்தான் கண்டம். மோர்பின், பெத்திடின் போன்ற நோவு மருந்துகள் தொண்டையையும் தளர்த்தும், மூளையின் பதற்றத்தையும் மழுங்கடிக்கும். வீட்டில் நூறு தடவை தானாக மீண்ட மூச்சு, வாட்டில் மீளாமல் போகலாம்.

நம்பிக்கை: முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க நாரி நோகும்.

இந்தப் பயத்தால் "முழுசா மயக்கிவிடுங்கோ டொக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. மூச்சுத்தடை உள்ளவர் அப்படிக் கேட்பது பாதுகாப்பான வழியை விட்டு ஆபத்தான வழியைக் கேட்பது போன்றது. சத்திரசிகிச்சை இடம் கொடுத்தால், இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்வதே இவர்களுக்குப் பெரும்பாலும் நல்லது. ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம், சிலருக்குத் தலையிடி வரலாம். நீண்டகால நாரி நோவை இந்த ஊசி உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சிசேரியனுக்குப் பின் தாய்மாருக்கு வரும் நோவில் கர்ப்பத்துக்கும், பிள்ளை தூக்கிக் குனிந்து நிமிர்வதற்கும் பங்கு அதிகம். பழி மட்டும் ஊசிக்கு. இன்னொன்று: விறைப்பூசியோடு நித்திரை மருந்தும் சேர்த்துக் கேட்டால் தொண்டை பழையபடி தளரும்.

நம்பிக்கை: இது பருமனான ஆம்பிளையளின் வருத்தம்.

பருமன் பெரிய காரணம்தான். ஆனால் தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருக்கும் மெலிந்தவருக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், தொண்டைச் சதை வீங்கிய பிள்ளைகளுக்கும் வரும். ரொறன்ரோவின் பிரான்சிஸ் சுங் குழு 2008இல் வெளியிட்ட, இந்த நோயைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் கேள்விப் பட்டியலில் உடல் நிறைச் சுட்டி 35ஐத் தாண்டினால்தான் ஒரு புள்ளி. 170 சென்ரிமீற்றர் உயரமானவர் 101 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். எமது ஊரில் அப்படி ஆள் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே இந்த நோய் வருகிறது. இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் கணக்கிட்டார்கள்.

நம்பிக்கை: கண் முழிச்சிட்டார், இனிப் பயமில்லை.

2019இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐந்து நாடுகளில் பெரிய சத்திரசிகிச்சைக்கு வந்த 1,218 பேரை எடுத்துக்கொண்டது. தமக்கே தெரியாமல் கடுமையான மூச்சுத்தடை இருந்தவர்களில் 30.1 சதவீதத்தினருக்கு 30 நாட்களுக்குள் இதயம் அல்லது இரத்தக்குழாய் சார்ந்த பாதிப்பு வந்தது. நோய் இல்லாதவர்களில் 14.2 சதவீதம். இவர்கள் ஏற்கெனவே இதய ஆபத்து உள்ளவர்கள், பாதிப்புகளில் பெரும்பாலானவை இரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிந்தவை. ஆகவே குறட்டை விடும் எல்லோரும் பதறத் தேவையில்லை. அதே சுங் குழு 2014இல் வெளியிட்ட முடிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது: மூச்சு நிற்பது அதிகமாவது சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் இரவில். அந்த இரவில் பலர் வீட்டில், நோவுக் குளிசை போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறார்கள்.

மற்றபடி, குறட்டைக்கு நித்திரைக் குளிசையும் இரவுச் சாராயமும் மருந்தல்ல. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். மூச்சுத்தடைக்குக் கொடுக்கும் முகமூடி மெஷின் ஒக்சிசன் தருவதில்லை. சாதாரணக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. சிட்னியில் கொலின் சல்லிவன் 1981இல் காட்டிய வழி அது. பருமனோடு இந்நோய் உள்ளவர்களுக்கென டிர்செப்படைட் ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சத்தமான குறட்டையா, பகலில் களைப்பா, நித்திரையில் மூச்சு நின்றதை யாரும் கண்டார்களா, பிரஷர் உண்டா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா என்று வைத்தியர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் விடை நோயாளிக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓர் இரவின் குறட்டையைப் போனில் பதிந்து காட்டினாலும் உதவும். வீட்டில் முகமூடி மெஷின் இருந்தால், வாட்டில் அனுமதியாகும் அன்று அதையும் பையில் வையுங்கள்.