கன்று விழுந்தும் கொடி விழாதது ஏன்?



"மாடு கன்று போட்டுச்சு, கொடி போடல்லைங்க" என்று லயத்து ஆட்கள் அடிக்கடி எங்களைத் தேடி வருகிறார்கள். கண்ணூறு என்பார்கள். தொங்கும் கொடியில் கல்லைக் கட்டிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். இம்முறை இதற்குள் இருக்கும் ஒரு சங்கதியைப் படிப்போம்.

நச்சுக்கொடி 12 மணித்தியாலத்துக்குள் தானாக விழ வேண்டும். 24 மணித்தியாலம் தாண்டினால் தங்கிவிட்டது என்று அர்த்தம். கருப்பைக்குள் 70, 100 இடங்களில், சட்டைப் பொத்தான் மாட்டின மாதிரி, கொடி பிடித்திருக்கும். அதைக் கழற்ற உதவுவது தாய்ப்பசுவின் நோய் எதிர்ப்புச் சக்திதான்.

நம்பக் கஷ்டமாக இருக்கும். உடம்பின் உயிரணுக்கள் மேல் அடையாள அட்டை போல ஒரு குறி உண்டு. அந்தக் குறிக்கான பரம்பரை அலகுகள் மாட்டின் 23ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. மாட்டுக்கு மாடு அவை வேறுபடும். கன்றுக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வரும். கொடி கன்றைச் சேர்ந்தது. சினைக்காலம் 280 நாள் வரை அதைப் பொறுத்துக்கொள்ளும் தாயின் உடம்பு, கடைசியில் தகப்பன் வழிக் குறியைப் பார்த்து "இது நம்ம ஆள் இல்லை" என்று கண்டுகொள்ளும். வெள்ளணுக்கள் போய்ப் பிடியைத் தளர்த்தும்.

இரண்டு குறியும் ஒன்றாயிருந்தால்? தாய்க்கு அந்நியம் தெரியாது. அப்படிப்பட்ட மாடுகளில் கொடி தங்குவது கூடுதல் என்று 1991இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

இப்போது நம்ம சங்கதிக்கு வருவோம். மேல்கணக்கில் ஒரே நாம்பன். அதற்குப் பிறந்த கிடேரியையும் அதனிடமே விடுகிறோம். அந்த நாம்பனிடம் இரண்டு குறித்தொகுதி. ஒன்றை மகளுக்குக் கொடுத்துவிட்டது. கன்றுக்கும் அதையே கொடுக்க இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சொந்தத்தில் கட்டுவது நமக்குப் பழக்கம்தான், மாட்டுக்கு வேண்டாம்!

கொடி தங்க வேறு காரணமும் உண்டு: இரட்டைக் கன்று, கஷ்டப் பிரசவம், செலேனியம் சத்துக் குறைவு, கன்று வீச்சு நோய். கடைசியாகச் சொன்னது மனிதருக்கும் தொற்றும். அதனால் வெறுங்கையால் கொடியைத் தொடாதீர்கள்.

இழுக்கவும் கூடாது. பாதி அறுந்து உள்ளே நின்றால் கருப்பை புண்ணாகிச் சீழ் வைக்கும். பிறகு மாடு சினைக்கு நிற்கப் பிந்தும், அடுத்த கன்றும் பாலும் பிந்தும். கடன் எடுத்து ஒரே மாடு வாங்கிய வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. மாடு தீனி எடுக்காவிட்டால், காய்ச்சல் கண்டால், கெட்ட நாற்றம் அடித்தால், விடியும்வரை பார்த்திருக்காமல் மிருக வைத்தியருக்கு ஆள் அனுப்புங்கள்.

சினை ஊசி போட வருபவரிடம் காளையின் இலக்கத்தைக் கேட்டு, திகதியோடு பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை, அந்த ஊசிக்குப் பிறந்த கிடேரிக்கு ஊசி போடும்போது, அந்தக் கொப்பியைக் காட்டி வேறு இலக்கம் கேளுங்கள்.