யூ தெருவில் ஒரு சில்லிக் கடை

அன்புத் தம்பிக்கு,

பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றின் பூர்வீகத்தை விசாரிப்பதானால், ‘கட்டடத்தில் முன்பு என்ன இருந்தது?’ என்று தொடங்குவது நல்லது. வாஷிங்டன் யூ தெருவிலுள்ள ‘பென்ஸ் சில்லி போல்’ கடையையே எடுத்துக்கொள். அந்த இடத்தில் முதலில் இருந்தது மின்னஹாஹா என்ற ஊமைப்படக் கொட்டகை. பின்னர் அது பில்லியர்ட்ஸ் கூடமானது. 1958 ஆகஸ்டில் பென் அலியும் அவர் கட்டிக்கொள்ளப்போகும் வர்ஜீனியாவும் 5,000 டாலரில் இடத்தைச் சீர்செய்து கடை திறந்தார்கள். கல்யாணம் அக்டோபரில். கடைக்குத்தான் முதல் முகூர்த்தம்!

பென் டிரினிடாடில் வளர்ந்தவர், இந்திய வம்சாவளி.

சில்லி என்றதும் மிளகாய் பஜ்ஜியை நினைத்துக்கொள்ளாதே. கொத்துக்கறியில் மிளகாய்த்தூள் போட்டுக் கெட்டியாகக் கொதிக்கவைத்த குழம்பு அது. மாடும் பன்றியும் கலந்த, புகை வாசமேறிய சாசேஜைக் கல்லில் வாட்டி, சூடான பன்னுக்குள் வைத்து, கடுகு விழுது தடவி, பொடியாக அரிந்த வெங்காயம் தூவி, மேலே ஒரு கரண்டி சில்லி ஊற்றினால் ‘ஹாஃப் ஸ்மோக்’. வெள்ளைச் சட்டையோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

யூ தெருவுக்குக் ‘கறுப்பு பிராட்வே’ என்று பெயர். நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த நாளில் கறுப்பினத்தாரின் தியேட்டர்களும் இசைக் கூடங்களும் அங்கே கொடிகட்டிப் பறந்தன. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கறுப்பினத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தத் தெரு பற்றி எரிந்தது. ஊரடங்கு போட்டார்கள். சிறப்பு அனுமதி பெற்றுத் திறந்திருந்தது பென் அலி கடை. கலவரத்தை அடக்க வந்த போலீஸ்காரர், நெருப்பை அணைக்க வந்தவர், போராட்டக்காரர் மூவருக்கும் அதே அடுப்பிலிருந்துதான் சாப்பாடு.

அதைவிடப் பெரிய சோதனை பிறகு வந்தது. 1980களின் கடைசியில் மெட்ரோ ரயிலுக்காகத் தெருவையே தோண்டிப் போட்டார்கள். கலவரம் சில நாள். பள்ளம் சில வருஷம். அக்கம்பக்கத்துக் கடைகள் மூடின. இங்கே ஒரே ஒரு ஊழியரை வைத்துக்கொண்டு குடும்பம் சமாளித்தது. 1991இல் ரயில் நிலையம் திறந்த பிறகுதான் தெருவில் மறுபடி ஆள் நடமாட்டம்.

2009 ஜனவரி 10 அன்று, அதிபராகப் பதவியேற்பதற்குப் பத்து நாள் முன்பு, பராக் ஒபாமா சாப்பிட வந்தார். இலவசமாகச் சாப்பிடலாம் என்று சுவரில் எழுதியிருந்த மிகச் சிறிய பட்டியலில் ஒபாமா குடும்பத்தின் பெயரும் இருந்தது. அவர் ஹாஃப் ஸ்மோக் கேட்டார்; காசைக் கொடுத்துவிட்டார்.

அன்புடன்,
அண்ணன்